வைரமும் வச்சிரமும்

நம் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் வைரவிழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் என்னைப் பணித்தனர். தமிழாசிரியனிடம் கட்டுரை கேட்போர் பெரும்பாலும் இலக்கியக் கட்டுரையையே எதிர்பார்ப்பர். யான் எழுதப் புகுந்ததோ தச்சுவேலை பற்றியது. விழாத் தொடக்கத்தில் முழங்குதற்பொருட்டு நம் கல்லூரித் தச்சறையில் மாணவர் ஒரு முரசு செய்தனர். தோல் போர்ப்பதற்கு முன்னுள்ள அதன் மரக்கூட்டை எவ்வாறு ஒட்டி இறுக்கினோம் என்பதே இக்கட்டுரையின் பொருள். பொருள் சிறிதுதான். ஆயினும் ஒரு மாணவனின் படிப்பும், என் தந்தையாரின் தொழிலும் அதனோடு தொடர்புற்றிருத்தலின், இம்மலரில் அதனை எழுதலாமென்று துணிந்தேன்.

விழாவின் பெயரிலிருந்தே தொடங்குவோம். வைரம் நவமணிகளுள் ஒன்று. மரத்தின் உள்ளே முற்றி இறுகிய பகுதிக்கும் வைரம் என்பதே பெயர். "வைரம் பாய்ந்த மரம்" என்று சொல்வது நம் வழக்கு. வைரத்தை வச்சிரம் என்றும் கூறுவர். இந்திரன் ஏந்திய படைக்கும் அதுவே பெயர். இவை நூல்களிற் காண்பன. தச்சுப் பட்டறையிலோ வச்சிரம் என்றால் மணியுமன்று, படையுமன்று. விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசையாகும். நாற்காலிக் காலையும் மேசைப் பலகையையும் ஒட்டுவதற்கு என் தந்தையார் காலத்துத் தச்சர் அதனையே நம்பியிருந்தனர். வைரம் மரத்துக்குள்ளே தானாக விளைவது. வச்சிரம் இரு மரங்களுக்கு நடுவே மனிதன் இடுவது. கலாசாலையிற் பயிலுமுன்பே இவ்வேறுபாட்டை யான் அறிந்திருந்தேன். ஏனெனில் யான் ஒரு தச்சரின் மகன்.

நம் தோற்கருவிகள் பெரும்பாலும் குடைந்து செய்யப்படுவன. மிருதங்கமும் தவிலும் பலாமரத் துண்டின் உட்புறத்தைக் குடைந்து உருவாக்கியவை. ஒரே மரமாதலால் அவற்றில் மூட்டு இல்லை. நாங்கள் செய்ய நினைத்த முரசுக்கு விட்டம் 18 அங்குலம், நீளம் 24 அங்குலம். அத்துணைப் பருமனுடைய பலா எளிதிற் கிடைப்பதன்று. கிடைப்பினும், இலங்கையிற் பலாமரம் தறிப்பதற்கு அனுமதி பெறுதல் வேண்டும். காய்த்துப் பயன் தரும் ஒரு மரத்தை ஒரு நாள் விழாவுக்காக வீழ்த்துவதும் மனத்துக்கு ஒவ்வாது.

மரத்தைக் குடையாமல், நீண்ட சட்டங்களை வட்டமாக நிறுத்தி இணைத்தும் முரசுடல் செய்யலாம். ஜப்பானியர் ஒக்கேடோ என்னும் முரசை இவ்வாறே செய்வர். 'ஒக்கே' என்பது மரத்தொட்டியைக் குறிக்கும் அவர்தம் சொல். கியூபா நாட்டுக் கொங்காவும் பீப்பாய் செய்யும் முறையைத் தழுவி எழுந்ததே. நம் நாட்டில் சாவண்டலை மரச் சட்டங்களாற் செய்த பெரும் பீப்பாய்களிலேயே சாராயத்தைப் பதப்படுத்துவர். ஆயின் பீப்பாய்க்கும் முரசுக்கும் ஒரு பெருவேறுபாடு உண்டு. பீப்பாயில் இரும்பு வளையம் வெளியிலிருந்து நெருக்க, உள்ளே நிற்கும் நீர்மம் மரத்தை ஊறிப் பருக்கச் செய்ய, மூட்டுக்கள் தாமே அடைபடும், பசை வேண்டுவதில்லை. முரசினுள்ளே காற்றன்றி வேறொன்றுமில்லை. கோடையில் மரம் சுருங்கினால் வெறும் வளையத்தாற் பயன் இராது. ஆகவே முரசுக்குப் பசையும் வேண்டும், பசை காயும் வரையில் இறுக்கமும் வேண்டும்.

விழாக்குழுவில் முரசைப் பற்றிய பேச்சு எழுந்தபோது, இந்தியாவிலிருந்தோ கொழும்பிலிருந்தோ ஆயத்தமாக ஒன்றை வாங்குவதே எளிது என்று சிலர் கூறினர். வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர் அதற்குரிய பணத்தைத் தர முன்வந்தனர். அவர் கூற்றிற் பிழையொன்றுமில்லை. ஆனால் இடிக்கப்பட்ட பழைய வகுப்பறைத் தொகுதியின் பலாக் கதவுகள் களஞ்சிய அறையின் பின்புறத்திற் சாத்தப்பட்டு, விறகு வியாபாரியின் வரவை நோக்கிக் கிடந்தன. அக்கதவுகளின் அருகே யான் எட்டு ஆண்டுகள் மாணவனாக நடந்திருக்கிறேன். அவற்றைக் கொண்டே முரசைச் செய்யலாம் என்று கூறினேன். அதிபர் அவர்கள் சற்றே சிந்தித்து, "இரண்டு மாதம் தருகிறேன், அதற்குள் முடியாவிட்டால் வாங்குவோம்" என்றார்.

கதவுகளை அறுத்தபோது, பல பூச்சு வர்ணங்களின் கீழே பலாவின் மஞ்சள் நிறம் வெளிப்பட்டது. பௌத்த துறவிகளின் ஆடைக்குச் சாயம் தருவது இம்மரத்தின் வைரமே. ஆணிகளைப் பிடுங்கினோம். ஒரு நிலைச்சட்டத்தினுள்ளே பெருவிரல் நகத்தளவான எறிகணைத் துண்டொன்று அகப்பட்டது. அதனைச் சுற்றி மரம் கறுத்திருந்தது. அன்று சூழ நின்ற மாணவருள் போர்க்காலத்தை நினைவிற் கொள்ளும் வயதினர் ஒருவருமிலர். அத்துண்டைக் கையிற் கையாக மாற்றிப் பார்த்தனர். பின்பு வேலையைத் தொடர்ந்தனர்.

கருவிகளிற் சில என் தந்தையாருடையவை. அவற்றைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் மழையில் நனைந்தவாறே தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது எனக்கு வயது 14. எங்கள் வீட்டிலிருந்தது ஒரு சைக்கிள். அதன் பின்னே எதனைக் கட்டுவது என்று அம்மாவுக்கும் ஐயாவுக்கும் வாக்குவாதம் எழுந்தது. அம்மா அரிசியையும் பாத்திரங்களையும் கட்டச் சொன்னார். ஐயா கருவிப் பெட்டியைக் கட்டினார். நாவற்குழிப் பாலத்தைக் கடக்க அன்றிரவு எவ்வளவு நேரமாயிற்று என்பதைக் கடந்தவர் அறிவர். அப்பாரத்தை ஐயா ஓரிடத்தும் இறக்கினாரல்லர். நாங்கள் தங்கிய பாடசாலையில் அப்பெட்டியைத் திறந்து அவர் முதலிற் செய்தது ஒரு சவப்பெட்டி. அடுத்துச் செய்தது ஒரு குழந்தைத் தொட்டில். அதன் பின்பு அம்மா அப்பெட்டியைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை.

அப்பெட்டியிற் சீவுளி இரண்டு, உளிகள், ஒரு மூலைமட்டம், ஆப்புக்கள், தடித்த கயிறு ஒரு சுருள், வச்சிரம் உருக்கும் இரட்டைப் பாத்திரம் என்பன இருந்தன. வச்சிரத்தைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, வெளிப்பாத்திரத்து வெந்நீரின் சூட்டினால் உள்பாத்திரத்திற் கரைத்தல் வேண்டும். கொதிக்கவிட்டால் அதன் பலம் கெடும். சிறுவனாக அதனைக் கிளறிக்கொண்டிருந்த யான் அதன் மணத்தை இன்றும் மறந்திலேன். ஐயா என்னைக் கிளற மட்டுமே விட்டார். கிழமை நாட்களிற் சீவுளியைத் தொட அனுமதித்ததில்லை. "நீ எழுத்தைப் படி" என்பார். தச்சன் மகன் வெண்ணிற உடையோடு இக்கல்லூரி வாயிலுட் புகுவதை ஊரிற் சிலர் விரும்பாதிருந்த காலத்தை அவர் அறிவார். பட்டறையின் தூசி என் புத்தகத்திற் படியலாகாது என்பது அவர் எண்ணம். கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி முடித்து யான் ஆசிரியனாக வந்த நாளில், எனக்கென ஒரு மேசை செய்து தந்தார். அதன் மேற்பலகை மூன்று துண்டுகள், ஆணி ஒன்றுமில்லை. ஐயா மறைந்து ஆண்டுகள் பல சென்றன. இக்கட்டுரையும் அம்மேசையிலேயே எழுதப்படுகிறது. மூட்டு எங்கேயென்று விரலாலே தடவி அறிய இயலாது.

இனி அம்மாணவனைப் பற்றி. பெயர் வேண்டா. பதினோராந் தரத்தில் என் வகுப்பு மாணவன். கைக்குழந்தையாயிருந்தபோதே, 2009இல், தந்தையை இழந்தவன். கிழமையில் இரண்டு நாள், சில கிழமைகளில் மூன்று நாள், அவன் வருவதில்லை. தளபாடக் கடையொன்றில் நாட்கூலிக்கு வேலை செய்கிறான் என்று பின்னர் அறிந்தேன். வரவுப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே இடைவெளிகள் மிகுந்தன. பெயரை நீக்குவது பற்றிய பேச்சும் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்தது. தச்சறைக்கு வருமாறு யான் அவனை அழைத்தது அக்காலத்தில்தான். வகுப்பில் எழுந்து நின்று ஒரு வாக்கியம் வாசிக்கத் தயங்குபவன், கதவுப் பலகையைக் கையில் எடுத்ததும் அதனைக் கண்ணுக்கு நேரே பிடித்து, "இது கோணியிருக்கு சேர், முதலிலை இதைச் சீவ வேணும்" என்றான். அதில் தயக்கமே இல்லை.

நாங்கள் வகுத்த கணக்கு இது. சட்டங்கள் 20. முழுவட்டம் 360 பாகை; ஒரு சட்டத்தின் பங்கு 18 பாகை; அதனை இரு விளிம்புகளுக்கும் பகிர்ந்தால் ஒவ்வொரு விளிம்பும் 9 பாகை சரிந்திருத்தல் வேண்டும். சட்டத்தின் வெளிமுக அகலம் ஏறத்தாழ 2 7/8 அங்குலம். கனம் 1 அங்குலம். ஒட்டியதும் கிடைப்பது வட்டமன்று, இருபது பக்கமுடைய உருவம். மூலைகளிற் சற்றேறக்குறைய அங்குலத்தின் எட்டிலொரு பங்கைச் சீவினால் அது வட்டமாகும்.

எண்கள் எளியனவாய்த் தோன்றும். ஆனால் வட்டம் பிழையை மறப்பதில்லை. விளிம்பொன்றில் அரைப்பாகை தவறினால் கண்ணுக்குத் தெரியாது. அதே தவறு 40 விளிம்புகளிலும் நேர்ந்தால் மொத்தம் 20 பாகையாகும். அது ஒரு முழுச் சட்டத்தின் பங்காகிய 18 பாகையினும் பெரிது. கடைசிச் சட்டத்தை வைக்கும்போது இடம் போதாமற் போகும், அல்லது வாய் பிளந்து நிற்கும். அப்பொழுது பலர் செய்வது, பட்டியை வலிந்து முறுக்கி அப்பிளவை மூடுதல். பிளவு மூடும், பசையும் காயும், பட்டியைக் கழற்றிய அன்றோ, அடுத்த கோடையிலோ அது மறுபடியும் திறக்கும். ஏனெனில் வளைந்த மரம் நிமிரவே முயன்றுகொண்டிருக்கும்.

இதனை ஐயா தம் மொழியில் ஒரே வாக்கியத்திற் கூறுவார்: "இறுக்கிப் பொருத்தக் கூடாது தம்பி; பொருத்திப் போட்டு இறுக்க வேணும்." அவ்வாக்கியத்தைத் தச்சறைக் கரும்பலகையில் எழுதிவைத்தேன். மாணவர் அதனைப் பேச்சுவழக்கென்று நகைத்தனர், ஆயினும் அழித்தாரில்லை.

ஆதலால் முதலிற் பசையின்றியே பொருத்திப் பார்த்தோம். இருபது சட்டங்களையும் நிறுத்திக் கட்டி, அறையை இருட்டாக்கி, கூட்டின் உள்ளே ஒரு மின்சூளை ஏற்றினோம். ஒளி கசிந்த மூட்டுக்களைப் பென்சிலாற் குறித்து, அவிழ்த்து, சீவி, மறுபடியும் கட்டினோம். இவ்வாறு ஐந்து முறை. ஐந்தாம் முறை கூட்டினுள்ளே விளக்கு எரிந்தும் வெளியில் ஒளிக்கீற்று ஒன்றும் தோன்றவில்லை. மாணவர் கைதட்டினர். அவன் மட்டும் சுற்றிவந்து ஒவ்வொரு மூட்டையும் நகத்தால் வருடிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எந்தப் பசை என்பதில் எனக்கும் அவனுக்கும் கருத்து வேறுபட்டது. ஐயாவின் பாத்திரம் இருக்க, வச்சிரமே பொருத்தம் என்பது என் ஆசை. தோல் போர்த்தும் கருவிக்குத் தோலிற் பிறந்த பசை என்றொரு நயமும் அதிலிருந்தது. அதற்கு வேறொரு சிறப்பும் உண்டு. சூடும் ஈரமும் பட்டால் அது இளகுதலின், பழுதுபார்ப்போர் மூட்டைக் கெடுக்காமற் பிரித்தெடுக்கலாம். வயலின் செய்வோர் அதனைக் கைவிடாமைக்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் வச்சிரம் சூடு ஆறியவுடன் உறைவது. பல மூட்டுக்களுக்குப் பூசி முடிப்பதற்குள் முதலிற் பூசியது உறைந்துவிடும். "நாலு மூட்டெண்டால் நீங்கள் சொல்லுறது சரி சேர். இது கனக்க மூட்டு" என்றான் அவன். அவன் கூறியதே முறை. தளபாடக் கடைகளில் வழங்கும் வெள்ளைப் பசையையே கொண்டோம். அதுவும் நம் வெயிலிற் பத்து நிமிடம் பொறுப்பது அரிது. ஆகவே மின்விசிறியை நிறுத்தி, வெயில் ஏறுமுன், காலை ஐந்தரை மணிக்கு ஒட்டுவதென்று முடிவு செய்தோம். பூசுவதற்குச் சற்று முன்னர் விளிம்புகளை மெல்லிதாக மீண்டும் சீவினோம். பழைய மரத்தின் வெளிமேனியிற் பசை நன்கு பற்றாது, புதிதாகச் சீவிய முகத்திலேயே பற்றும்.

இனி இறுக்குதல். பழந்தமிழில் இதற்கு விசித்தல் என்று ஒரு சொல் உண்டு; முரசை வாராற் பிணித்துக் கட்டுவதற்கு அது வழங்கியது. எங்களிடம் விசிப்பதற்கு இருந்தவை மூன்று. ஐயாவின் கயிறு ஒன்று. அதனைச் சுற்றிக் கட்டி, இடையே ஒரு கோலைச் செருகி முறுக்கினால் இறுகும். கனடாவில் வாழும் பழைய மாணவர் ஒருவர் அனுப்பிய முறுக்குப் பட்டிகள் நான்கு. மூன்றாவது, பழைய சைக்கிள் டியூப்பை நீளவாட்டில் அறுத்த இறப்பர் நாடாக்கள். கயிறு மூலைகளிற் சிக்கிக்கொள்ளும். இறப்பர் நெகிழ்ந்து எங்கும் ஒரே சீராய்ப் படியும். அன்றியும் சுற்றுக்குச் சுற்று அதன் நெருக்கம் கூடும். சைக்கிளால் உயிர் பிழைத்த நம்மூரில் டியூப்புக்குப் பஞ்சமில்லை.

வெளியே சுற்றிய பட்டி சட்டங்களை நடுவை நோக்கித் தள்ளும். உள்ளே போக இடமின்மையால் சட்டங்கள் ஒன்றையொன்று தோளோடு தோளாய் நெருக்கும். இவ்வாறு உள்நோக்கிய தள்ளுதல் பக்கநோக்கிய நெருக்கமாக மாறுகிறது. பட்டியின் இழுவை எவ்வளவோ, மூட்டின் நெருக்கமும் அவ்வளவு. ஆயினும் பட்டி மரத்தோடு உராய்தலால், முறுக்கும் இடத்தில் இழுவை மிகுந்தும் எதிர்ப்புறத்திற் குறைந்தும் இருக்கும். இதனை அறிந்து, நான்கு பட்டிகளின் முறுக்கிகளையும் நான்கு திசைகளில் அமைக்கச் சொன்னவன் அம்மாணவனே. வட்ட மேசை ஒட்டும்போது கடையிற் கண்டதாம்.

இருபது மூட்டுக்களையும் ஒருங்கே ஒட்டினோமில்லை. பதினெட்டை மட்டுமே ஒட்டினோம். ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு மூட்டுக்களைப் பசையின்றி விட்டு, அவற்றின் இடையே மும்மூன்று உருண்டைப் பென்சில்களை நீளவாட்டில் வைத்தோம். இதன் பயன் பின்னர் விளங்கும். பசை பூசுவோர் நால்வர், சட்டம் நிறுத்துவோர் இருவர், நாடா சுற்றுவோர் இருவர், பட்டி முறுக்குவோர் நால்வர் என்று வேலையைப் பகிர்ந்து, பசையில்லாமலே ஒத்திகை பார்த்தோம். முதல் ஒத்திகைக்கு 14 நிமிடம் சென்றது. நான்காவதற்கு 7 நிமிடம்.

ஒட்டும் நாளன்று ஐந்து மணிக்கே எல்லோரும் வந்துவிட்டனர். அவனும் வந்தான், அன்று கடைக்குப் போகவேண்டிய நாள் என்பதை யான் அறிவேன். வேலை தொடங்கிய பின் ஒருவரும் பேசவில்லை. சட்டங்கள் நின்றன, நாடாக்கள் சுற்றப்பட்டன, பட்டிகள் சிறிது சிறிதாக, மாறி மாறி முறுக்கப்பட்டன. மூட்டுக்கோடு முழுவதிலும் பசை சிறு மணிகளாய், வியர்வை அரும்பினாற்போல ஒரே சீராக வெளிப்பட்டது. அதுவே போதிய இறுக்கத்தின் அடையாளம். ஓரிடத்தில் அரும்பாவிடில் பசையோ நெருக்கமோ குறைந்துள்ளது. ஒழுகினால் பசை மிகுந்துள்ளது. வலிய மாணவன் ஒருவன் ஆர்வத்தால் மேலும் முறுக்கினான். "போதும், விடு. இனி முறுக்கினால் சட்டம் உள்ளுக்கு வழுக்கும்" என்று இவன் அவன் கையைப் பிடித்தான். வகுப்பில் முதலிடம் பெறும் மாணவன், வரவுப் பதிவேட்டில் இடைவெளிகளையுடைய மாணவனின் சொல்லுக்கு உடனே அடங்கினான்.

ஒரு மணி நேரத்திற் பசை பிடிக்கும்; எனினும் முழுவலிமை பெற ஒரு நாள் விட்டோம். மறுநாள் பட்டிகளைக் கழற்றியபோது முரசுடல் இரண்டு பாதிகளாகப் பிரிந்து நின்றது. ஒவ்வொரு பாதியையும் விளிம்பு கீழாகச் சமதளத்திற் கவிழ்த்துப் பார்த்தோம். அத்துணை கவனமாய்ச் செய்தும், ஒரு விளிம்பின் கீழே தபாலட்டை ஒன்று நுழையுமளவு இடைவெளி இருந்தது. எஞ்சிய சிறு பிழைகளெல்லாம் ஒருங்கு திரண்டு அங்கே வந்து நின்றன. முழுவட்டமாக ஒட்டியிருந்தால் அப்பிழை ஏதோ ஒரு மூட்டினுள்ளே ஒளிந்து, அதனை என்றும் இழுத்துக்கொண்டிருக்கும். பென்சில்கள் உருண்டு இடங்கொடுத்தமையால் அது வெளிப்பட்டது. பெரிய கண்ணாடியின் மேல் அரத்தாளை விரித்து, இரு பாதிகளின் விளிம்புகளையும் தேய்த்து நேராக்கினோம். அக்கண்ணாடி அதிபரின் மேசை மீதிருந்தது. அவரே கழற்றித் தந்தார். பின்பு இறுதி இரண்டு மூட்டுக்களும் எளிதாக ஒட்டின.

இவ்வேலை நடந்துகொண்டிருந்தபோதே ஆசிரியர் கூட்டம் மறுபடியும் கூடியது. விதி எல்லோருக்கும் ஒன்றே என்றும், ஒருவனுக்கு விலக்களித்தால் நாளை பலர் கேட்பர் என்றும் ஆசிரியர் ஒருவர் கூறினார். அவர் நல்லவர், கூறியதும் நியாயமே. ஐயாவின் வாக்கியத்தைத் தவிர வேறு மறுமொழி எனக்குத் தோன்றவில்லை. இவன் எங்கே பொருந்தவில்லை என்பதை இன்னும் நாம் பார்க்கவில்லை. பாராமல் இறுக்கினால் இவன் வழுக்கி வெளியேறுவான், பட்டி மட்டும் நம் கையில் நிற்கும் என்றேன். அதிபர் ஒன்றும் கூறாது கூட்டத்தை முடித்தார். மறுநாள் அவரே தளபாடக் கடைக்குச் சென்றார். கடைக்காரர் கடுமையானவரல்லர், பையன் படித்துக்கொண்டிருப்பதை அவரிடம் ஒருவரும் விளங்கச் சொல்லவில்லை. பாடசாலை விட்ட பின்பும் சனிக்கிழமைகளிலும் வேலை, கூலியிற் சிறு குறைவு என்று ஒழுங்காயிற்று. அக்குறைவு அவ்வீட்டுக்குப் பெரிது என்பதையும் யான் அறிவேன். அதற்கு ஈடாகப் பழைய மாணவர் சங்கம் செய்துவரும் உதவியை இங்கே விரித்துரைப்பது அவர்க்கும் விருப்பமன்று.

அவன் கல்விப் பொதுத் தராதரப் பத்திரச் சாதாரண தரப் பரீட்சையை எழுதிவிட்டான். இதனை யான் எழுதும் இன்று பெறுபேறு வெளிவரவில்லை. கணிதத்தில் அவனுக்கு அச்சமில்லை. 9 பாகையைக் கையால் அறிந்தவன். தமிழில் என்ன ஆகுமென்று அவனைவிட யானே அஞ்சிக்கொண்டிருக்கிறேன். வெளிநாடு செல்லும் எண்ணமும் அவன் வீட்டில் அவ்வப்போது எழுகிறது. முடிவு எவ்வாறாயினும், பெயர் நீக்கப்பட்டு வெளியேறினான் என்ற சொல் அவனைத் தொடராது.

வட்டமாகச் சீவி, உள்ளும் புறமும் எண்ணெய் பூசி, தோல் போர்த்தும் வேலையைப் பரம்பரையாகத் தோற்கருவி கட்டும் கைவினைஞரிடம் ஒப்படைத்தோம். அவர் தோலைப் பொருத்துமுன் வெறுங்கூட்டை விரல்மடியால் ஒருமுறை தட்டிச் செவிசாய்த்தார். மூட்டு விட்டிருந்தால் அதிற் கரகரப்பு எழுமாம். "ஒரே மரம் மாதிரித்தான் கேட்குது" என்றார். அதனைக் கேட்க ஐயா இல்லை என்பதே எனக்குக் குறை. பட்டறையும் கல்லூரியும் வேறுவேறாக இருத்தல் வேண்டுமென்று அவர் எண்ணியதற்கு அவர் காலத்திற் காரணம் இருந்தது. அக்காரணம் இன்று முற்றும் ஒழிந்ததென்று யான் சொல்லேன். ஆயினும் அவருடைய சீவுளியை அக்கல்லூரி மாணவர் முறைவைத்துக் கேட்டு வாங்கினர்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று கூறுவேன். இறுக்கம் வேண்டாவென்று யான் சொல்ல வந்திலேன். பட்டியின்றி எந்த மூட்டும் ஒட்டாது. ஆனால் அதற்குமுன் பொருத்தம் பார்க்கவேண்டும். அது எல்லாப் பக்கமும் சமமாக அமையவேண்டும். பசை பிடித்த பின் பட்டியைக் கழற்றவும் வேண்டும். கழற்றிய பின்னரும் நிற்பதே மூட்டு. மாணவர்களே, உங்களுக்கும் ஒன்று. ஒத்திகையில் 14 நிமிடம் சென்ற வேலை 7 நிமிடத்தில் முடிந்தமைக்குக் காரணம் ஒருவரும் விரைந்து ஓடியதன்று. அவரவர் தம் இடத்தில் நின்றதே.

பழைய மாணவப் பெருமக்களே, இம்முரசு விழாவோடு முடிவதன்று. மண்டபத்தின் மேற்குச் சுவரோரம் வைக்காதீர்கள். அங்கே மாலை வெயில் விழும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் நிலத்தில் வைக்காது பலகைமேல் வையுங்கள். ஆண்டுக்கொருமுறை தோலின் வாரைத் தளர்த்தி மீண்டும் கட்டுவியுங்கள். மூட்டுக்களை விரலாலே தடவிப் பாருங்கள். எங்கேனும் மயிரிழை பிளந்திருக்கக் கண்டால், பட்டியைக் கட்டி மூட முயலவேண்டா. தச்சறையிலுள்ள மாணவருக்குச் சொல்லியனுப்புங்கள். சீவுளியும் கயிறும் ஆப்பும் ஐயாவின் பெட்டியோடு அங்கேயே இருக்கின்றன. திறப்பு அலுவலகத்தில் உண்டு.